பைய வாங்க, பாபநாசத்துக்கு!

பாபநாசம் என்றதும் சகோதரிகள் பலருக்குக் கும்பகோணம் பக்கத்து ஊர்தான் ஞாபகத்துக்கு வரும். சங்கீதம் கேட்பவர்களுக்குப் பாபநாசம் சிவன். நான் சொல்லப் போவது அந்தப் பாபநாசம் இல்லை. திருநெல்வேலி ஜில்லாவில், பொதிகை மலை அடிவாரத்தில், தாமிரபரணி மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்குகிறதே, அந்தப் பாபநாசம். 2015-இல் வந்த கமல்ஹாசன் படத்தில் கதை நடக்கும் ஊர் என்று சொன்னால் குழந்தைகளுக்கும் புரிந்துவிடும்.

என் பிறந்த வீடு அதற்குச் சற்று இந்தப் பக்கம், விக்கிரமசிங்கபுரத்தில். எங்கள் ஊரில் யாரும் முழுப் பெயரைச் சொல்லி நேரத்தை வீணாக்க மாட்டார்கள். வி.கே.புரம், அவ்வளவுதான். 1880களில் ஹார்வி சகோதரர்கள் ஆற்றுத் தண்ணீரின் வேகத்தை நம்பி நூற்பாலை தொடங்கிய ஊர். என் அப்பா அந்த ஆலைச் சங்குக்கு எழுந்து, சங்குக்குச் சாப்பிட்டு, ஓய்வு பெற்ற பிறகும் சங்கு ஊதினால் செருப்பைத் தேடியவர். அப்பா போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. அம்மா தனியாகத்தான் இருக்கிறார்.

தனியாக இருக்கிறார் என்று எழுதுவது சுலபம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி ஜில்லாக்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலிலேயே ஜனங்கள் சிக்கிக்கொண்டார்கள். தாமிரபரணியில் வெள்ளம் என்று டி.வி.யில் காட்டக் காட்ட, நான் சென்னையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாள் அம்மாவுக்கு லைன் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பையன் போனிலிருந்து அம்மாவே பேசினார். "ஏட்டி, நான் நல்லாத்தான் இருக்கேன். கரண்டுதான் இல்ல. நீ அழாத" என்றார். நான் அப்புறம்தான் அழுதேன்.

அன்றே பெங்களூர் அண்ணனும் துபாய்த் தம்பியும் முடிவு கட்டிவிட்டார்கள். வீட்டை விற்றுவிடுவது, அம்மாவை என்னிடமோ அண்ணனிடமோ கொண்டு வந்து வைத்துக்கொள்வது. "நீதான் பொம்பளப் பிள்ளை, நீ சொன்னா அம்மா கேப்பா. லீவுக்குப் போறப்போ பேசி முடிச்சுட்டு வா" என்று மதினியும் சொன்னார். ஆக, 2024 மே மாதம் 3-ம் தேதி ராத்திரி நாங்கள் நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினபோது பெட்டிகளோடு இந்தப் பாரமும் கூட வந்தது.

என் கணவர் கையில் வேறொரு பாரம். ஒரு முழுத்தாள் நிறைய ஊர்ப் பெயர்கள்! லீவு கிடைத்திருப்பதே பத்து நாள், அதற்குள் எல்லாம் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. ஒரு நாளில் நவ கைலாயம் ஒன்பதும், மறுநாள் திருச்செந்தூர், அதற்கு மறுநாள் குற்றாலம், மணிமுத்தாறு, கிருஷ்ணாபுரம் சிற்பம் என்று நேரம் போட்டு எழுதியிருந்தார். ஆபீசில் வேலை பார்க்கிறவர்களுக்கு லீவும் ஒரு ஆபீஸ்தான். குறை சொல்லவில்லை. வருஷம் முழுவதும் மின்சார ரயிலைத் துரத்தி ஓடுகிற மனிதருக்கு நிற்பது எப்படி என்று யார் சொல்லித் தந்தார்கள்?

திருநெல்வேலியில் இறங்கி செங்கோட்டை ரயிலைப் பிடித்தோம். 2012-இல் அகலப்பாதை ஆன பிறகு இந்தப் பிரயாணம் சௌகரியமாகிவிட்டது. சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக மேற்கே போகப் போக மலை பெரிதாகிக்கொண்டே வரும். கல்லிடைக்குறிச்சியில் அப்பளப் பொட்டலத்தோடு ஒருவர் ஏறினார். ஆற்றுத் தண்ணீர்தான் அந்த அப்பளத்தின் ருசி என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். தீட்சிதர் ஒரு கிருதியில் பாடிய ஆதிவராகர் இருப்பதும் அங்கேதான். அம்பாசமுத்திரத்தில் இறங்கி பஸ் பிடித்தால் வி.கே.புரம் கொஞ்ச தூரம்தான்.

அம்மா தார்சாவில் நின்றுகொண்டிருந்தார். (தெருப்பக்கத்து முன்னறைக்கு எங்கள் ஊரில் அந்தப் பெயர்.) சின்னவள் ஓடிப் போய்க் கட்டிக்கொள்ளப் போக, அம்மா சொன்ன முதல் வார்த்தை, "பையம்மா, பைய! ஆச்சிக்கு முட்டு வலி, விழுந்திருவேன்."

'பைய' என்றால் 'மெதுவாக'. எங்கள் ஜில்லாவில் இந்த வார்த்தை இல்லாமல் ஒரு நாள் நகராது. பையப் போ, பையப் பேசு, பையச் சாப்பிடு, அடுப்பைப் பைய எரிய விடு. சென்னைக்குக் கல்யாணமாகிப் போன புதிதில் நான் இதைச் சொன்னால் மாமியார் வீட்டில் எல்லோரும் 'எந்தப் பையை?' என்று தேடுவார்கள்.

மத்தியானம் சாப்பாடு ஆனதும் இவர் தாளை எடுத்து அத்தையிடம் வாசித்தார். எங்கள் வீட்டில் மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் வாதாடுகிற வழக்கம் இல்லை. அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, என்னைப் பார்த்து, "எல்லாம் நல்ல கோயில்தான். இந்தத் தாள்ல நம்ம வீடு எங்கட்டி எழுதியிருக்கு?" என்றார். இவர் தாளை ஒரு தரம் பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அது வெளியே வரவில்லை.

நவ கைலாயத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. அகஸ்தியரின் சீடர் உரோமச முனிவர் தாமிரபரணியில் ஒன்பது தாமரைப் பூக்களை மிதக்க விட்டாராம். அவை கரை ஒதுங்கிய இடமெல்லாம் சிவஸ்தலம். பாபநாசம் முதல் ஸ்தலம், சூரியனுக்கு உரியது. பிறகு சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி, கடைசியாகச் சேர்ந்தபூமங்கலம். ஆறு போகிற வழியிலேயே கடல்பக்கம் வரை கிழக்கே போகிற ஸ்தலங்கள். மார்கழியில் ஒரே நாளில் சுற்றிக்காட்ட திருநெல்வேலியிலிருந்து பஸ் விடுகிறார்கள். வசதிதான். ஆனால் பூ மிதந்து போன வேகத்தில் போக வேண்டிய வழியை எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போய், ஒன்பது இடத்திலும் செருப்பைக் கழற்றி மாட்டிக்கொண்டு வருவது எனக்குச் சரிப்படாது. இந்தத் தடவை நாங்கள் பார்த்தது ஒரே ஒரு கைலாயம். பத்து நாளில் நாலு தரம் பார்த்தோம்.

மறுநாள் முதல் விடிகாலை ஐந்தரைக்கு ஆற்றுக் குளியல். 4-ம் தேதிதான் அக்கினி நட்சத்திரம் ஆரம்பித்திருந்தது. சென்னையில் அந்த நேரத்துக்கே குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும். இங்கே காலை வைத்ததும் சின்னவள் "ஐயோ, ஃப்ரிட்ஜ் தண்ணி!" என்று கத்தினாள். மலைக்காட்டு ஊற்றிலிருந்து வருகிற தண்ணீர் அல்லவா? தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே கடலில் சேரும் வற்றாத ஆறு இது. நீளம் என்னவோ ஏறத்தாழ 125 கிலோமீட்டர்தான். அதற்குள் எட்டு அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள், கார் சாகுபடி, பிசான சாகுபடி, இரண்டு ஜில்லாவுக்குக் குடிதண்ணீர். இத்தனூண்டு உடம்பை வைத்துக்கொண்டு இத்தனை பேரைத் தாங்குகிற நம் வீட்டு மூத்த மருமகள் மாதிரி!

படித்துறையில் அந்த நேரத்துக்கே பத்துப் பெண்கள் இருப்பார்கள். துணி துவைக்கிற சத்தம், பேச்சு, நடுவில் மருத மரத்திலிருந்து ஏதாவது பறவை. கரையோரத்து மருத மரங்களின் வெள்ளைத் தண்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பெயின்ட் அடிச்சிருக்காங்களா?" என்று சின்னவள் கேட்டாள். பெரியவன் முதல் இரண்டு நாள் கரையிலேயே போனோடு உட்கார்ந்திருந்தான். பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த பிள்ளை. 10-ம் தேதி ரிசல்ட். கணக்குப் பரீட்சை எழுதின நாளிலிருந்து முகம் சரியில்லை. கேட்டால், "ஒண்ணும் இல்லம்மா" என்பான். அம்மாவும் அவனை ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள், "எய்யா, ஆச்சிக்கு இந்தக் கல்லு வழுக்குது. கையப் பிடிச்சுக்கோ" என்று கூப்பிட்டார். அவன் போனை என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கினான். பாட்டியைத் தாங்கிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நின்றவன், அப்புறம் வெளியே வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அம்மாவுக்கு நிஜமாகவே வழுக்கியதா என்பது எனக்குச் சந்தேகம். அறுபது வருஷமாக அந்தக் கல்லில் இறங்குகிறவர்!

தாய்மார்கள் கவனிக்க ஒரு விஷயம். ஆறு அழகாக இருக்கிறதே என்று தெரியாத இடத்தில் குழந்தைகளை இறக்கிவிடக் கூடாது. தாமிரபரணியில் மேலே அமைதியாகத் தெரியும் இடத்தில்தான் கசமும் சுழலும் இருக்கும். ஊர்ப் பெண்கள் குளிக்கிற துறையில், அவர்களைக் கேட்டு, அவர்கள் நிற்கிற ஆழத்தில் மட்டும் நிற்க வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு இறங்கக் கூடாது. தலை துவட்டும்போது சின்னக் குழந்தைகளுக்குக் காதுக்குப் பின்னாலும் ஈரம் இல்லாமல் துடைத்துவிட்டால் சளி பிடிக்காது என்பார் அம்மா. எங்கள் குழந்தைகளுக்குப் பத்து நாளும் ஒரு தும்மல் கூட இல்லை.

பாபநாசநாதர் கோயில் ஆற்றுக்கு நேர் எதிரே. ஸ்தல விருட்சம் களா மரம். பார்வதி கல்யாணத்துக்காகக் கைலாசத்தில் எல்லோரும் கூடினதால் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்துவிட்டது, அதைச் சமப்படுத்த அகஸ்தியரைத் தெற்கே அனுப்பினார்கள் என்ற கதையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். "கல்யாணத்தைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லையே" என்று வருத்தப்பட்ட அகஸ்தியருக்கும் லோபாமுத்திரைக்கும் ஈசன் கல்யாணக் கோலத்தைக் காட்டிய இடம் இது என்பது ஐதீகம். சித்திரை விசுத் திருவிழாவில் அந்தக் காட்சியை இன்றும் நடத்துகிறார்கள். எங்கோ தூரத்தில் வேலையாக அனுப்பப்பட்டவனையும் மறக்காமல் கல்யாணச் சாப்பாட்டைக் கொடுத்தனுப்புகிற மாதிரி இருக்கிறது, இல்லையா? இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அதுதான்.

கோயிலுக்கு முன்னால் படித்துறையில் மீன்கள். கை நீளத்துக்கு இருக்கும். யாரும் பிடிப்பதில்லை. பொரி வாங்கிப் போட்டால் தண்ணீரே கொதிப்பது போல மொய்த்துக்கொள்ளும். சின்னவள் நாலு பாக்கெட் பொரி போட்டாள். ஐந்தாவது கேட்டபோது இவர் வழக்கம்போல் மணியைப் பார்த்துவிட்டு, பிறகு தானே போய் வாங்கி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அப்பாவும் பெண்ணும் அப்படி முக்கால் மணி நேரம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

உலகம்மை சந்நிதியில் ஒரு உரல் இருக்கிறது. பெண்கள் விரலி மஞ்சளைப் போட்டு இடிப்பார்கள். அந்த மஞ்சளால் அம்பாளுக்கு அபிஷேகம் ஆகும். அபிஷேகத் தீர்த்தம் கொஞ்சம் பிரசாதமாகக் கிடைக்கும். கல்யாணம் கூடவும் குழந்தை பிறக்கவும் தாலி பாக்கியத்துக்கும் இடிப்பதாகப் பிரார்த்தனை. நான் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தரம், பெரியவன் வயிற்றில் வருவதற்கு முன்னால் ஒரு தரம் இடித்திருக்கிறேன். இந்தத் தடவை உலக்கையைப் பிடித்தபோது எதற்காக இடிக்கிறேன் என்றே தெரியவில்லை. வீட்டை விற்க அம்மா சம்மதிக்க வேண்டும் என்றா? சம்மதிக்கக் கூடாது என்றா? இடித்துக்கொண்டே இருந்தேன். மஞ்சள் மணம் மூக்கில் ஏறியதும் மனசு ஒரு பக்கமாக அமைந்தது. வெளியே வந்து அம்மாவைக் கேட்டேன், "நீ என்னம்மா வேண்டிக்கிட்ட?"

"நான் ஒண்ணும் கேக்கலட்டி. சும்மா பாத்துட்டு வந்தேன். வீட்டுக்குப் போனா அம்மைகிட்ட எப்பவும் ஏதாவது கேட்டுக்கிட்டேவா இருப்ப?"

7-ம் தேதி சித்திரை அமாவாசை. அன்று நாங்கள் போயிருக்கவே வேண்டாம் என்று தோன்றியது. அவ்வளவு கூட்டம். தர்ப்பணம் கொடுப்பவர்கள் கொடுக்கட்டும், அது நல்ல காரியம். ஆனால் பரிகாரம் என்று சொல்லிக் கட்டியிருக்கிற துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்களே! புடைவை, வேட்டி, குழந்தைச் சட்டை எல்லாம் பாறையில் சுற்றிக்கொண்டு கிடக்கிறது. காலில் சிக்கினால் நீந்தத் தெரிந்தவனும் தப்ப முடியாது. மீனுக்கும் நல்லதில்லை. இதற்குக் கோர்ட்டு வரை வழக்குப் போய், தடை என்று பலகையும் வைத்திருக்கிறார்கள். ஊர்ப் பிள்ளைகள் இறங்கி மூட்டை மூட்டையாக அள்ளுகிறார்கள். அம்மா ஒரு அம்மாளைப் பார்த்து நேராகவே சொல்லிவிட்டார். "தாயி, பாவத்தை விட்டுட்டுப் போன்னுதான் சாஸ்திரத்துல சொல்லியிருக்கு. துணியை விட்டுட்டுப் போன்னு சொல்லல. எடுத்துக்கிட்டுப் போங்க. நாங்க இந்தத் தண்ணியத்தான் குடிக்கோம்." அந்த அம்மாள் முறைத்தார். ஆனாலும் ஈரப் புடைவையைப் பிழிந்து பையில் வைத்துக்கொண்டார். வாசக சகோதரிகள் போனால் தயவு செய்து இந்தக் காரியம் செய்ய வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் வற்புறுத்தினால், நல்ல புதுத் துணியாக ஒன்றை வாங்கி வாசலில் இருக்கிற ஏழைக்குக் கொடுங்கள். பித்ருக்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கோயிலைத் தாண்டி மலைமேல் போனால் அகஸ்தியர் அருவி. குற்றாலம் போல் சீசனுக்குக் காத்திருக்க வேண்டாம், வருஷம் முழுவதும் தண்ணீர் விழும். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் என்பதால் வனத்துறைச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பார்க்கிறார்கள். பிளாஸ்டிக், சோப்பு, ஷாம்பு எதுவும் கொண்டு போகக் கூடாது. எனக்கு அது நல்லதாகவே பட்டது. வழியெல்லாம் குரங்கு. கையில் தின்பண்டம் இருந்தால் அது உங்களுடையது இல்லை! அருவிக்கு மேலே படி ஏறிப் போனால் கல்யாண தீர்த்தம். அம்மாவால் ஏற முடியவில்லை, கீழேயே உட்கார்ந்துகொண்டார். "நீங்க போய்ட்டு வாங்க. நான் பாக்காததா?" என்றார். முன்பெல்லாம் எங்களுக்கு முன்னால் ஏறி, மேலே நின்று கூப்பிடுகிறவர் அவர்தான். நான் பாதிப் படியில் திரும்பிப் பார்த்தேன். சின்னதாக, வெள்ளைப் புள்ளி மாதிரித் தெரிந்தார். மேலே போகாமல் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். குழந்தைகள் அப்பாவோடு போனார்கள்.

அங்கேதான் பேச்சை எடுத்தேன். அண்ணன் சொன்னது, தம்பி சொன்னது, வெள்ளத்தன்று நான் பட்ட பாடு எல்லாம் சொன்னேன். அம்மா குறுக்கே பேசவில்லை. அருவிச் சத்தத்தில் பாதி கேட்டிருக்காது என்று நினைத்தேன். எல்லாம் கேட்டிருந்தது. "பாப்போம்" என்றார். அவ்வளவுதான்.

அன்று ராத்திரி கூட்டாஞ்சோறு. திருநெல்வேலிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்காக எழுதுகிறேன். இரண்டு ஆழாக்கு அரிசிக்கு ஒரு ஆழாக்குத் துவரம்பருப்பு. பருப்பு முக்கால் வேக்காடு வந்ததும் அரிசியைக் களைந்து போட்டு, கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய், சீனியவரைக்காய் எது இருக்கிறதோ அதையெல்லாம் சேர்க்க வேண்டும். தேங்காய், மிளகாய் வற்றல், சீரகம், நாலு சின்ன உள்ளி, கொஞ்சம் மஞ்சள் வைத்துக் கொரகொரப்பாக அரைத்த மசாலாவும் உப்பும் போட்டு, முக்கால் பதம் வெந்ததும் புளிக்கரைசலும் இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரையும். மாங்காய் இருந்தால் புளியைக் குறைத்துக்கொள்ளலாம். கடைசியில் தேங்காயெண்ணெயில் கடுகும் வெங்காய வடகமும் தாளித்துக் கொட்டி மூடி வைத்துவிட வேண்டும். குக்கரில் வைத்தால் குழைந்துவிடும். அகலமான பாத்திரத்தில் பைய வேக வேண்டும்! கீரையும் பருப்பும் காயும் ஒரே கவளத்தில் போய்விடுவதால் காய் சாப்பிடாத குழந்தைகளுக்கு இதைவிட நல்ல உணவு இல்லை.

தட்டட்டியில், அதாவது மொட்டைமாடியில், பாய் விரித்து எல்லோரும் கையில் உருட்டி வாங்கிச் சாப்பிட்டோம். அமாவாசைக்கு மறுநாள் இருட்டு. கரண்டும் போயிருந்தது. வானத்தில் அத்தனை நட்சத்திரம் இருக்கும் என்று சின்னவள் நம்பவே இல்லை. "ஆச்சி, இதெல்லாம் தினமும் வருமா?" என்று கேட்டாள். பொதிகை மலை ஒரு கறுப்புச் சுவர் மாதிரி நின்றது. இவர் இருட்டில் அத்தையிடம் சொன்னார், "அத்தை, நாளைக்கும் எங்கேயும் போக வேண்டாம்." முதல் தடவையாக அம்மா அவருக்கு நேராகவே பதில் சொன்னார். "ஆமா மாப்பிள்ளை. எங்க போணும்?"

10-ம் தேதி காலை ஒன்பதரைக்கு ரிசல்ட். பெரியவன் தார்சாவில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். கை நடுங்கியது. எல்லாப் பாடத்திலும் நல்ல மார்க், கணக்கில் மட்டும் 52. பாஸ்தான். ஆனால் அவன் கேட்ட கம்ப்யூட்டர் குரூப் அவன் பள்ளிக்கூடத்தில் கிடைக்காது. இவர் வாயைத் திறப்பதற்குள் அம்மா அடுக்களையிலிருந்து வந்து, "பாஸாய்யா?" என்று கேட்டார். "பாஸ் ஆச்சி." "அப்பம் வா, ஆத்துக்குப் போவோம்." மார்க்கு எவ்வளவு என்று கேட்கவில்லை. திரும்பி வந்தபோது அவன் கண் சிவந்திருந்தது. தண்ணீரில் முங்கினதால் என்று வைத்துக்கொண்டோம். அன்று மாலை அவனே அப்பாவிடம் வந்து, காமர்ஸ் எடுத்துக்கொள்கிறேன், எனக்கு அக்கவுண்ட்ஸ் பிடிக்கும் என்று சொன்னான். சென்னையிலாக இருந்தால் அந்த நாள் எங்கள் வீட்டில் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

புறப்படுவதற்கு முந்தின நாள் கூழ்வற்றல் பிழிந்துகொண்டிருந்தோம். அம்மா அச்சைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "ஏட்டி, அண்ணன்கிட்ட சொல்லு. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூணு மாசமும் நான் உங்ககூட வந்து இருக்கேன். அதுதான் மழைக்காலம், உங்களுக்கும் பயம் இருக்காது. தை பிறந்ததும் கொண்டாந்து விட்டுரணும். வீட்டை நான் போன பெறகு வித்துக்கிடுங்க. நான் இருக்கப்போ எனக்கு ஆறு வேணும்."

அண்ணனுக்கு உடனே சம்மதம் வரவில்லை. முட்டு வலி, ரத்தக் கொதிப்பு, ராத்திரி ஏதாவது ஆனால் யார் பார்ப்பது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பக்கத்து வீட்டுப் பெண்ணை ராத்திரித் துணைக்குப் படுத்துக்கொள்ள ஏற்பாடு செய்து, மாதா மாதம் ஒரு தொகை கொடுப்பதாகப் பேசி, மாத்திரைகளைக் கிழமை போட்ட டப்பாவில் பிரித்து வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகுதான் அண்ணன் "சரி" என்றார், அரை மனதாக.

நாங்கள் ஊர் திரும்பியது 15-ம் தேதி. அதற்கு இரண்டு நாள் கழித்து, 17-ம் தேதி, பழைய குற்றாலத்தில் திடீரென்று காட்டாற்று வெள்ளம் வந்து ஒரு பள்ளி மாணவன் போய்விட்டான். வெயில் மாதம்தானே என்று அசட்டையாக இருக்கக் கூடாது. கீழே வெயில் அடித்தாலும் மேலே மலையில் மழை கொட்டியிருக்கலாம். அருவித் தண்ணீர் கலங்கலாக வந்தாலோ சத்தம் மாறினாலோ, காவலர் சொல்வதற்கு முன்பே குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும்.

சொன்னபடி அந்த ஐப்பசியில் அம்மா வந்தார். சென்னைத் தண்ணீரில் சோறு வேகவில்லை, பருப்பு வேகவில்லை, தலைமுடி சிக்குப் பிடிக்கிறது என்று மூன்று மாதமும் புகார். சின்னவளுக்குக் கூட்டாஞ்சோறு வைக்கக் கற்றுக்கொடுத்துவிட்டார். தை மூன்றாம் தேதி ரயிலேற்றக் கூட்டிக்கொண்டு போனது பெரியவன்தான். போய்ச் சேர்ந்ததும் போன் செய்தான். "ஆச்சி பெட்டியை வச்ச உடனே ஆத்துக்குக் கிளம்பிட்டாங்கம்மா. நான் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போறேன், கவலைப்படாதே" என்றான்.